மஞ்சளாக, நீளமாக, தண்ணீரோரமாக

ஆனித் தேர் பார்க்க மாமாவும் அத்தையும் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமா என் அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் என் மகள், பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் விளையாட்டை டிவியில் போட்டாள். எல்லாம் வானத்திலிருந்து சாட்டிலைட் எடுத்த படங்கள். என்ன இடம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். எரிமலையின் வாயைப் பார்த்து அத்தை, "ஆப்பம்" என்றார். மகளுக்குச் சிரித்து மாளவில்லை.

அடுத்த படம் மஞ்சளாக, நீளமாக, தண்ணீரோரம் வளைந்து கிடந்தது.

"ஆத்து வாயில மணல் திட்டு" என்றேன்.

"யம்மா! எப்புடிம்மா கண்டுபுடிச்ச?"

சொன்னேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. கடலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகாத மாமா எங்களோடுதான் இருந்தார். சிதம்பரம் தேருக்குப் போகும்போது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ள ஒரு பிள்ளையைத்தான் கூட்டிப்போவேன் என்றுவிட்டார். நானா, அண்ணனா? நான் தேரே பார்த்ததில்லை. ஆனால் அண்ணனைப் போல அடம்பிடிக்க எனக்கு வராது. மாமா ஒரு போட்டி வைத்தார். கொல்லைத் தென்னையில் ஏறி, மேலிருந்து பார்ப்பதைச் சொல்வார். அது என்னவென்று நாங்கள் கீழே நின்று சொல்ல வேண்டும். அந்த மரத்தின் மேல் அவருக்கு அப்போது தனிப் பிரியம். காய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறுவார்.

"மஞ்சளா, நீளமா, தண்ணியோரம் வளைஞ்சி கெடக்குது. ஒரு நுனி மட்டும் ஆடுது. இன்னாது?"

"சாரப்பாம்பு! இல்ல மாமா, வைக்கப்பிரி!" என்று அண்ணன் குதித்தான்.

"இல்லடா."

அம்மாவோடு முகத்துவாரத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். அலை அடிக்க அடிக்க அங்கே மணலின் நுனி இடம் மாறும். விடை தெரியும்; ஆனால் மரத்து உச்சிக்குக் கேட்கும்படி கத்த வேண்டுமே! கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆத்து வாயில மணல் திட்டு!"

மேலே சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து, "ஆங்... அதான், அதேதான்!" என்றார் மாமா.

தேர் பார்த்தேன். கீழ வீதிக் கூட்டத்தில் மாமாவின் தோளில் உட்கார்ந்து, தொண்டை கட்டும் மட்டும் கத்தினேன்.

இதைக் கேட்ட மகள், எங்கள் ஊரையே வானத்திலிருந்து காட்டினாள். கொல்லை ஒரு ஓரம், முகத்துவாரம் ஒரு ஓரம், நடுவில் கருகருவென்று சவுக்குத் தோப்பு. அத்தை டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஏண்டி, இந்தத் தோப்பு அப்பவே இருந்துச்சே. இதத் தாண்டி ஆத்து வாய் எப்புடித் தெரியும்?"

"பின்ன மாமா பாத்தது இன்னா?"

"வாய்க்காலுக்கு அந்தாண்டதான எங்க வூடு? கரையில காஞ்ச என் மஞ்ச சேலை. பறந்துடாம ஒரு நுனிய நான் புடிச்சிக்கினு நின்னேன். மரத்து மேல ஒருத்தரு தேங்காயும் பறிக்காம, எறங்கவும் எறங்காம குந்திக்கினு இருந்தாரு!"

மாமா டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அடுத்த படத்தப் போடு பாப்பா" என்றார்.

நான் சொன்னதைக் கேட்டு மாமா அசந்துபோய்த்தான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். விடை தெரிந்தும் சொல்ல வாய் வராமல் தவித்தது நான் மட்டுமில்லை, மரத்தின் மேலிருந்தவரும்தான் என்பது ஏழு வயதில் எங்கே விளங்கும்?