கீழ்மாடிச் சத்தம்

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம் முழுவதும் நான் வீட்டுக்குள் நுனிக்காலில்தான் நடந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. எண்பதுகளின் பிற்பகுதி. ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தோம். வாடகைக்கு எடுக்கும்போது அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர்தான் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் ஐந்து பேர். அப்பாவின் தம்பிமார் இருவர் முன்னறையில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். விடிந்ததும் அந்த மெத்தைகள் அம்மாவின் கட்டிலுக்கடியில் போய்விடும். யாராவது குறை சொல்லி, கட்டட மனேஜர் வந்து பார்த்தால் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். அகதி விசாரணை வேறு முடியாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழ்மாடியிலிருந்து சத்தம் வரத் தொடங்கியது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கூடத்தில் ஓடினால் போதும். கீழேயிருந்து 'டக், டக்' என்று கேட்கும். சிறிது பொறுத்து, கூரைத் தகரத்தில் கல்லை வாரி எறிந்ததுபோல ஒரு நீண்ட 'டர்ர்ர்ர்'. அம்மா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து, என் தலையில் கை வைத்து நிலத்தோடு அமர்த்துவார்.

"ஓடாதையெண்டு எத்தினை தரம் சொல்லுறது? கீழ்வீட்டு மனுசி தட்டுது."

கூட்டுகிற தும்புத்தடியால் கூரையை இடித்தால் இப்படிச் சத்தம் வராது என்று சின்னச் சித்தப்பா சொன்னார். "இதுக்கெண்டே ஏதோ மெசின் வாங்கி வச்சிருக்கிறா, அண்ணி. இந்த நாட்டிலை எல்லாத்துக்கும் மெசின் இருக்கு."

ஒருநாள் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் சத்தம் வந்தது. யாரும் ஓடவில்லை, நடக்கவுமில்லை. அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் காரணம் என்று முடிவு கட்டினார். அன்று மாலை அதன் கால்களுக்கு அடியில் பழைய துணி மடித்து வைக்கப்பட்டது.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. கதவுத் துவாரத்தால் பார்த்த அம்மா ஓர் அடி பின்னுக்கு வைத்தார். கீழ்வீட்டு மனுசிதான். மின்தூக்கியில் இரண்டொரு தரம் பார்த்திருக்கிறோம். நரைத்த தலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. அப்பாவும் சித்தப்பாமாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா என்னை முன்னுக்கு விட்டுக் கதவைத் திறந்தார். வீட்டில் ஆங்கிலம் என்ற பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. என்னிடமும் அதிகம் இருக்கவில்லை.

அவர் வேகமாகப் பேசினார். சத்தம் என்ற சொல் வந்தது. 'சொறி' என்ற மன்னிப்புச் சொல் வந்தது. கையை மார்பில் வைத்துக்கொண்டு அதையே திரும்பவும் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?"

"சத்தமாம் அம்மா. சொறியாம்."

தாம்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அம்மா எடுத்துக்கொண்டார். "சொறி, சொறி" என்று கைகூப்பினார். அவரும் "சொறி, சொறி" என்றார். இப்படி இருவரும் மாறிமாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். கடைசியில் அவர் இரண்டு டிக்கெட்டுகளை என் கையில் வைத்து, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

இரவு அப்பா டிக்கெட்டுகளை விளக்குக்கு நேரே பிடித்து வாசித்தார். டவுன்டவுனில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரிய வாத்தியக் கச்சேரி. ஸ்பானிய இசை, கூடவே ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ ஆட்டக்காரர்கள். எங்கள்மேல் கோபமாக இருப்பவர் ஏன் கச்சேரிக்கு அனுப்ப வேண்டும்? அப்பா அதற்கும் விடை கண்டுபிடித்தார்.

"ஒரு ரெண்டு மணித்தியாலம் உங்களை வெளியாலை அனுப்பிப்போட்டு, அவ நிம்மதியா நித்திரை கொள்ளப்போறா."

போகாவிட்டால் இன்னும் கோபப்படுவார் என்பதால் போவதென்று தீர்மானமானது. அப்பாவுக்கு ரெஸ்ரோறன்ரில் வேலை. நானும் அம்மாவும் பஸ் எடுத்து, சப்வே எடுத்துப் போனோம். அம்மா நீலப் பட்டுச்சேலை உடுத்து, அதற்குக் கீழே அப்பாவின் பழைய பனிச்சப்பாத்தைப் போட்டிருந்தார். மண்டபத்தில் குளிர்ச்சட்டைகளை வாங்கி வைக்க ஒரு பெண் கை நீட்டினார். திரும்பக் கிடைக்குமோ என்று அம்மா கொடுக்கவில்லை. இரண்டு சட்டைகளையும் ஒரு பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

விளக்குகள் மங்கின. வயலின்கள், ஊதுகுழல்கள், பெரிய முரசுகள். அவ்வளவு பேர் சேர்ந்து வாசித்து நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் பின்னால், கறுப்பு உடையில் ஒருவர் சும்மா நின்றார். கழுத்தில் கயிற்றில் கண்ணாடி.

"அம்மா, அங்கை பாருங்கோ. கீழ்வீட்டு மனுசி!"

அம்மா எட்டிப் பார்த்தார். நித்திரை கொள்ளப்போகிறவர் மேடையில் நிற்பதை அவரால் நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "பாவம், அவவுக்கு ஒருத்தரும் ஒரு வேலையும் குடுக்கேல்லை."

அப்படிச் சொல்லி முடிய, அவர் சிப்பி போன்ற மரத்துண்டுகளைக் கையில் எடுத்தார். 'டக், டக்.' பிறகு, 'டர்ர்ர்ர்.'

அந்தக் கணத்தில் அம்மாவின் கை என் தலையில் விழுந்து என்னைக் கீழே அமர்த்தியது. நான் இருக்கையிலிருந்து சறுக்கி முன்வரிசைக்குப் பின்னால் போய்விட்டேன். நான் ஓடவில்லை, ஆடக்கூட இல்லை. "நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா" என்றேன். பக்கத்தில் இருந்த கிழவர் குனிந்து, ஏதாவது தொலைத்துவிட்டோமா என்று பார்த்தார்.

அம்மா என்னைத் தூக்கி இருத்தினார். மேடையைப் பார்த்தார். அந்த மரத்துண்டுகள் மறுபடி ஒலித்தன, வயலின்கள் அவற்றைச் சுற்றி எழுந்தன. அம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். "அவ வாசிச்சுப் பழகியிருக்கிறா பிள்ளை. இவ்வளவு நாளும் தட்டேல்லை, கச்சேரிக்கு இருந்து பழகியிருக்கிறா." குளிர்சாதனப் பெட்டியின் துணி ஞாபகம் வந்து நானும் சிரித்தேன். அந்த நாட்டில் அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இடைவேளைக்குப் பிறகு ஆட்டக்காரி வந்தாள். இளம்பெண் அல்ல, இடுப்புப் பெருத்தவள். ஒருவர் கிட்டார் வாசிக்க, இன்னொருவர் தொண்டை கிழியப் பாடினார். அவள் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிகாலால் மேடையை உதைத்தாள். மெல்ல, பிறகு வேகமாக, பிறகு பலகை உடைந்துவிடும்போல. ஒருவரும் அவளை மெல்ல நட என்று சொல்லவில்லை. சனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அம்மாவும் எழுந்தார். மடியிலிருந்த குளிர்ச்சட்டைகள் நிலத்தில் விழுந்தன. அம்மா அவற்றைப் பார்க்கவேயில்லை.

முடிந்ததும் கீழ்வீட்டுக்காரர் எங்களைத் தேடி வெளிமண்டபத்துக்கு வந்தார். அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தமிழிலேயே பேசினார்.

"நான் உங்களை வீணாப் பேசிப்போட்டன். ஒண்டும் மனசிலை வச்சுக்கொள்ளாதைங்கோ. நல்லாயிருப்பியள்." என் பக்கம் திரும்பி, "சொல்லு பிள்ளை, அவவுக்குச் சொல்லு" என்றார்.

என்னிடமிருந்த ஆங்கிலத்தில் "அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு" என்பது மட்டும்தான் வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இப்ப ஓடு பார்ப்பம்" என்றார். நான் கூடத்துக்கும் அறைக்குமாக மூச்சிரைக்க ஓடினேன்.

கச்சேரி முடிந்ததால் கீழே சத்தமும் நின்றுபோனது. நிம்மதி என்று நான் நினைத்தேன். இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம், அம்மா உளுந்து வடை சுட்டு ஒரு தட்டில் என்னிடம் தந்தார். "குடுத்துப்போட்டு, ஏன் இப்ப வாசிக்கிறேல்லை எண்டு கேள். எங்கடை வீட்டை வந்து ஒருக்கா வாசிக்கச் சொல்லு." சத்தம் வேண்டாம் என்று ஒரு குளிர்காலம் முழுக்க என்னை அடக்கியவர், சத்தத்துக்கு ஆள் அனுப்புவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அம்மாவுக்கு இசையில் விருப்பம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கனடாவுக்குப் புறப்படுவதற்கு முந்திய மாதங்களில், போர் நடந்த எங்கள் ஊரில் அப்படியொரு 'டர்ர்ர்ர்' கேட்டால் அம்மா என்னைக் கட்டிலுக்கடியில் தள்ளித் தானும் மேலே கவிழ்ந்து படுப்பார். நான் அதை ஒரு விளையாட்டாக நினைத்து மறந்தும் போயிருந்தேன். அம்மாவின் கை மறக்கவில்லை என்பது, எனக்கென்று ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் விளங்கியது. அந்த வெள்ளைக்கார மனுசிக்கு, தான் எங்களுக்கு என்ன செய்தார் என்று கடைசிவரை தெரியாது. தெரியாமலே செய்தார்.

வடை கொண்டுபோன அன்றே அவர் மரத்துண்டுகளோடு வந்து எங்கள் அடுப்படி மேசையில் அமர்ந்தார். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். சத்தம் தொடங்கியபோது கத்தி ஒரு தரம் நின்றது. அம்மாவின் இடது கை பலகையிலிருந்து உயர்ந்து, என் பக்கம் வந்து, பாதியில் தயங்கியது. பிறகு திரும்பிப் போய் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டது. கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது. அவருக்கு வைத்த தட்டில் எத்தனை வடை மிச்சம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.