சைலன்சர் வெடித்த காலை

அந்த டீசல் காரை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கிறது. காரைவிட என்மேல்தான் அருவருப்பு அதிகம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருத்தங்கலில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பேன். கட்டுகளை வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனிகளில் இறக்க ஒரு லோடு ஆட்டோ போதும். என்னைத்தான் பந்தா விடவில்லை. யாரோ இருபது வருஷம் ஓட்டித் தேய்த்த காரை ஆசையாக வாங்கினேன். சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். எவ்வளவு கட்டு ஏற்றினாலும் முனகாமல் இழுக்கும். காலி ரோட்டில் அது உறுமிக்கொண்டு போனால் எதிரே பைக்கில் வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். புகைக்குப் பயந்து ஒதுங்கினார்கள் என்று புரிய வெகுநாள் ஆனது.

மாசம் தவறாமல் செலவு. நாசில், கிளட்ச் பிளேட், செல்ஃப் மோட்டார் என்று ஒன்று மாற்றி ஒன்று படுக்கும். "அண்ணாச்சி, டீசல் பம்பைக் களட்டி வேலை பாக்கணும். சைலன்சரும் அரிச்சுப் போச்சு. இப்பிடியே ஓட்டாதீக" என்றார் மெக்கானிக். அவர் சொன்ன தொகையைக் கேட்டு, காசைக் கரியாக்க முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். அதே வாரம் வெல்வெட்டில் சீட் கவர் தைத்துப் போட்டேன்.

ரேடியேட்டரும் ஒழுகும். நான் வழக்கமாகக் கட்டு இறக்குகிற பட்டாசுக் கம்பெனிக்குச் சற்று முன்னால், ரோட்டோர வீட்டில் ஒரு அக்காவிடம் குடத்தில் தண்ணீர் வாங்கி ஊற்றுவேன். அவருக்கு ஒரே மகள். அந்தக் கம்பெனியில்தான் வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை. "அவ காலைல போனா, சாயங்காலம் வந்து நிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காதுய்யா" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டுக் குடத்தைத் திருப்பிக் கொடுப்பேன். என் அக்கறை அம்புட்டுதான்.

கம்பெனிக்குள் போகிற வண்டிக்குத் தீப்பொறி வெளியே வராமல் சைலன்சர் முனையில் கம்பி வலை மாட்டியிருக்க வேண்டும். என் சைலன்சர் இருந்த லட்சணத்துக்கு வலை நிற்கவில்லை. வாட்ச்மேன் காரைக் கேட்டிலிருந்து தள்ளி, கருவேல மரங்களுக்குப் பின்னால் நிறுத்தச் சொல்வார். அதுவே எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

சீசன் உச்சத்தில் ஒரு காலை. கட்டுகளை இறக்கிவிட்டுக் கிளம்பினேன். எஞ்சின் தானாகவே வேகமெடுத்து அலறியது. சாவியைத் திருப்பினேன், நிற்கவில்லை. கரும்புகை மரங்களுக்கு மேலே எழும்பியது. அடுத்த நிமிஷம் டமார் என்று சைலன்சர் வெடித்து, எஞ்சின் அடங்கியது. சீட் கவரில் கரி படிந்திருக்குமே என்பதுதான் எனக்கு வந்த முதல் கவலை. சத்தியமாக அதுதான். இறங்கி ரோட்டுக்கு வந்தேன்.

இந்தப் பக்கத்தில் சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் என்ன ஏது என்று யாரும் விசாரிப்பதில்லை. கம்பெனிக்குள்ளிருந்து பெண்கள் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். ஊரிலிருந்து ஜனங்கள் கேட்டைப் பார்த்து ஓடிவந்தார்கள். முன்னால் அந்த அக்கா. காலில் செருப்பில்லை, கையில் இட்லி மாவு. நேராக வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எந்த ரூமுய்யா? சொல்லுங்கய்யா, எந்த ரூமு?"

மரத்தடியைக் கையால் காட்டினேன். "ரூம் இல்லக்கா. என் காரு. சைலன்சர் வெடிச்சிருச்சு."

அவர் நம்பவில்லை. என்னைத் தள்ளிவிட்டு கேட்டுக்கு ஓடினார். கூட்டத்தில் மகள் நின்றிருந்தாள், முகமெல்லாம் மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி அப்பிப் பளபளத்துக்கொண்டு. அவள் கன்னத்தை, தோளை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடி விழும் என்றுதான் நின்றேன். விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அவர் எழுந்து வந்தார். மாவுக் கையோடு என்னைக் கும்பிட்டார்.

"காருதானா சாமி... நீங்க நல்லா இருப்பீக."

அவர் என்னை ஏசியிருந்தால், நான் அந்தக் காரை இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன்.