ஸ்டெலா அன்று சொன்னது

குறுஞ்செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. "ஸ்டெலா மோசம் போயிட்டா. டெங்கு. நாளைக்குக் கொட்டாஞ்சேனையில் அடக்கம்."

அடக்கத்தில் நாம் நால்வரும் நின்றோம். அவர் வீட்டாரோடு ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை. அதற்குக் காரணம் நான். கொழும்பு வெள்ளவத்தை அறையில் என்னோடு கட்டட வரைபடம் செய்த உங்கள் மூவருக்கும் ஸ்டெலாவைப் பற்றி நான் சொன்ன ஒன்று பொய். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கணினிகளைத் திருத்த அவர்தான் வருவார். அன்று என்னுடையது திரை காட்டவில்லை. உள்ளே கிராஃபிக்ஸ் கார்ட் கீச்சென்று அலறியது. புதிது வாங்குவோம் என்றேன்.

"கார்டைக் குறை சொல்லாதேயும். அதுக்குச் சாப்பாடு போகுதோ எண்டு முதல்ல பாரும்."

மல்டிமீற்றரை வைத்தார். பவர் சப்ளையில் பன்னிரண்டு வோல்ட் சரியாக இருந்தது. கார்டுக்குப் போகும் கேபிளைக் கழற்றி மேசையில் வைத்தார். மஞ்சள், கறுப்பு வயர்கள். நடுவில் கறுப்பு டேப். நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள்.

படியில் சப்பாத்துச் சத்தம். இராணுவச் சோதனை.

கேபிளை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் திணித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். வயரும் டேப்பும் அவர்கள் கண்ணுக்குக் குண்டாகத்தான் தெரியும் என்பது நமக்குத் தெரியும்.

ஓர் அதிகாரி, துப்பாக்கியோடு ஒருவர். திறந்து கிடந்த கணினிப் பெட்டியை அதிகாரி பார்த்தார். எங்கள் அடையாள அட்டைகளை வாங்கினார். "போடு" என்றார் சிங்களத்தில். போட்டால் அலறும். என் கை அசையவில்லை. ஸ்டெலா என் பையைப் பார்த்தார்.

"சேர், இப்ப போட்டா சத்தம் போடும்," என்றார் அவரும் சிங்களத்தில். "இதுக்கு ஒரு வயர் இருக்கு. இவர் பயந்து அதைப் பொக்கெற்றுக்குள்ள வச்சிட்டார். மெதுவா எடுப்பார்."

துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. இரண்டு விரலால் எடுத்தேன். ஸ்டெலா வாங்கிச் செருகினார். போட்டார்.

அலறியது.

அதிகாரி பின்னால் ஓர் அடி வைத்தார். "ஒரு நிமிஷம் சேர்." ஸ்டெலா நிறுத்தினார். பிளக்கைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஓர் உலோக முனை தளர்ந்திருந்தது. செருகும்போதெல்லாம் பின்னால் நழுவுகிறது. மறுபடி செருகி, மஞ்சள் வயரைப் பின்னாலிருந்து விரலால் அழுத்திப் பிடித்தார். "இப்ப போடும்," என்றார் என்னிடம்.

சத்தமில்லை. வெகுநேரம் கழித்து, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, திரையில் நான் வரைந்துகொண்டிருந்த வீடு வந்தது.

"யாருடைய வீடு?"

சொன்னேன். அதிகாரி குனிந்து பார்த்தார். "மேல்மாடியில பாத்ரூம் இல்லையா?"

இல்லை. மறந்திருந்தேன்.

அட்டை இலக்கங்களைக் குறித்துக்கொண்டு போனார்கள். ஸ்டெலா விரலை எடுத்தார். அது மறுபடி அலற, இருவரும் துள்ளினோம். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஏன் சொன்னனீர்?"

"நீர் பயந்தனீர்தானே? பொய் சொன்னா நாளைக்கும் அதையே சொல்லோணும். எனக்கு மறதி கூட."

நீங்கள் திரும்பி வந்ததும் சொன்னேன்: ஸ்டெலா அவர்களோடு சிங்களத்தில் ஏதோ கதைத்தார், என்னைக் காட்டிக்கொடுத்தார். பொக்கெற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த நாட்களில் அந்த வார்த்தைக்கு என்ன எடை என்று தெரிந்தும் சொன்னேன். "அவ முன்னால பார்த்துக் கதை" என்றீர்கள். அவர் வந்தால் அறை அடங்கியது.

"என்னைக் கண்டவுடன எல்லாருக்கும் திடீரெண்டு வேலை வருது," என்றார் ஒருநாள். "டைரக்டர் ஆக்கிவிட்டினமோ என்னை?"

நீங்கள் தலை நிமிரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தில் எதையோ அளந்தேன். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அதற்குப் பிறகும் ஐந்தாறு முறை வந்து திருத்திவிட்டுப் போனார். நான் அளந்துகொண்டே இருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நடந்ததை நடந்தபடி சொல்லும் அந்தக் குரல். அதை அவர் இருக்கும்போது எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொள்கிறேன்: ஸ்டெலா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வயரை ஒளித்தது நான். பயந்தேன்.