மலையில் ஒரே மைக்செட், இரண்டு வேட்பாளர்கள்

மைக்செட் தொழிலில் இருப்பவனுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருக்கக்கூடாது. இருந்தால் சோற்றுக்கு வழியில்லை. என்னைப்போல அவதிப்பட்ட அன்பர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் புதூர்நாட்டுப் பக்கம் கல்யாணம், எருது விடும் விழா, தேர்தல் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது நான் ஒருவன்தான்.

ஒரே குரல்

பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்குப் புளி வியாபாரி காசியண்ணனும் மகளிர் குழு ராணியக்காவும் நின்றார்கள். வாடகைக்குக் கிடைத்த ஜீப்பும் ஒன்றுதான். காலையில் அக்காவுக்கு, மதியத்துக்கு மேல் அண்ணனுக்கு என்று பேசி முடித்தோம். விளம்பரம் பேசிப் பதிவு செய்ததும் நானே. இருவருக்கும் அதே புகழ்தான், பெயரும் சின்னமும் மட்டும் வேறு. புளி உலுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஜீப்பை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். "காலையில அவங்கள மாதிரி ஆள் இல்லன்ன, இப்ப இவர மாதிரி ஆள் இல்லன்ற. நீ யாருக்குப்பா ஓட்டுப் போடுவ?"

மாற்ற மறந்த பென் டிரைவ்

ஒருநாள் மதியம் பென் டிரைவை மாற்ற மறந்துவிட்டேன். அண்ணன் ஜீப்பில் நின்று கைகூப்புகிறார். குழாயில் என் குரல், "உங்கள் பொன்னான வாக்குகளை ராணியம்மாவுக்கே" என்று முழங்குகிறது. ஊரே சிரித்தது. பதறிப்போய்ப் பென் டிரைவைப் பிடுங்கினேன்.

எருது விழாக் கமிட்டிக்கு அண்ணன்தான் தலைவர். வருடத்தில் எனக்குப் பெரிய வேலையே அந்த விழாதான். அது கைவிட்டுப் போனால் மற்ற ஊர்க்காரர்களும் போளூரிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வந்துவிடுவார்கள், நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். அண்ணன் கூப்பிய கையை இறக்கவில்லை. சிரித்த முகத்தோடு என் பக்கம் குனிந்து சொன்னார்: "எலக்சன் முடியட்டும். உன் வூட்டுக்கே வர்றேன்."

வீட்டுக்கு வந்தவர்

அண்ணன் தோற்றுப்போனார். அதுவும் கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில்தான். விழாவுக்கு நான்கு நாள் முன்னால், சொன்னபடியே வாசலில் அவருடைய பைக் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் ஆம்ப்ளிபயர் எப்படி இருக்கிறது, குழாய் எத்தனை தேறும் என்று விசாரித்தார். விழாவைப் புதுத் தலைவிதான் தொடங்கி வைத்துப் பேசப்போகிறாராம்.

அப்படியானால் நான்தான் கட்டப்போகிறேனா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆமென்று தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா பேசறப்ப மைக்கு கொர்ருன்னுச்சின்னா, தோத்த வயித்தெரிச்சல்ல காசிதான் ஒயரப் புடுங்கிட்டான்னு சொல்வாங்க. நல்லா செக் பண்ணிக் கட்டுப்பா."

ஐந்து வருடம் ஊரை ஆளப்போவது ஜெயித்தவர் என்றாலும், என் வீட்டில் உலை கொதிப்பது என்னவோ தோற்றவர் புண்ணியத்தில்தான்.