ஆணியடித்த வென்டிலேட்டர்

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு கேஸ் கீசர் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். கரண்ட் போனாலும் வெந்நீர் வரும் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்ட வந்தவர் வேலையை முடித்துவிட்டு, சுவரின் மேலே இருந்த வென்டிலேட்டரைக் காட்டினார்.

"யக்கா, இத்த மட்டும் மூடிடாதே. நெருப்பு காத்தைத் துன்னுக்கினுதான் எரியும். வெளிக்காத்து வரலன்னா உள்ள கீற ஆளை அமுக்கிடும்."

"சரிப்பா" என்றேன். அதை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த மாதம் பக்கத்து மனையில் வீடு கட்டத் தொடங்கினார்கள். சாரத்தில் நின்ற கொத்தனார்கள் எங்கள் வென்டிலேட்டர் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் தங்கை, "அக்கா, குளிக்கவே கூச்சமா இருக்கு" என்றாள். அன்றே ஸ்டூல் போட்டு ஏறி, பிளைவுட் பலகையை வைத்து ஆணியடித்தேன். இடுக்குகளில் கிழிந்த சேலையைத் திணித்தேன். கீசர்க்காரர் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. இவர்கள் எதையாவது சொல்லிப் பயமுறுத்துவார்கள், வீடு முடிந்ததும் கழற்றிவிடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வீடும் முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு நான், கணவர், தங்கை மூவரும் போய்க் கேசரி சாப்பிட்டு வந்தோம். பலகையின் ஞாபகமே வரவில்லை. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் எங்களுக்குத் தினமும் காக்காய்க் குளியல்தான், அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு விடுமுறை வெள்ளிக்கிழமை, தங்கை எண்ணெய் தேய்த்துக்கொண்டு தலைமுழுகப் போனாள். இடுப்பைத் தாண்டிய முடி, சீயக்காய் போட்டு அலச நேரமாகும். தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டது.

"உன் தங்கச்சி குளிச்சா அம்பத்தூர் ஏரியே வத்திடும்" என்றார் கணவர். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

வெகுநேரமாகியும் அவள் வெளியே வரவில்லை, கதவைத் தட்டியும் பதில் இல்லை. உடைத்துத் திறந்தபோது கீசர் எரிந்துகொண்டிருந்தது. கீழே கிடந்தவள் மீது வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. கன்னம் சிவந்து, தூங்குகிறவள் போல இருந்தாள். ஆஸ்பத்திரியில், காற்று இல்லாமல் எரிந்த கேஸின் விஷப்புகை என்றார்கள். கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது என்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் கணவர் அந்தப் பலகையைப் பெயர்த்தார். நான் ஸ்டூலில் ஏறி வெளியே பார்த்தேன். ஒரு முழம் தள்ளி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பக்கத்து வீட்டுச் சுவர். மேலிருந்து கீழ்வரை தேடினேன். அதில் ஒரு ஜன்னல்கூட இல்லை.