நாற்பத்திரண்டு நிமிடமும் ஒரு மல்லாரியும்

சென்ற ஞாயிறு காலை எட்டே காலுக்கு (எட்டு பதினேழாகவும் இருக்கலாம், அன்று பார்த்து குறித்துக்கொள்ளத் தவறிவிட்டேன்) என் மகள் கைப்பேசியில் ஒரு இசையை ஓடவிட்டாள். இரண்டே விநாடியில் அடையாளம் தெரிந்துவிட்டது.

“என்னம்மா இது?”

“தூங்க வைக்கிற மியூசிக்ப்பா. டென்ஷன் போயிரும்.”

தூங்க வைப்பதா! ஒரு காலத்தில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலில், வாக்மேனில் இதைக் கேட்டு நான் ஆடிய ஆட்டத்தில், சாமி வந்துவிட்டதென்று எதிர்ச் சீட்டு அம்மாள் எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

கேசட் தந்தவர் நண்பர் பாலு. கும்பகோணத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பாட்டுப் பதிந்து தருவார். சுவாமிமலைக்குச் சிலை வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவரிடம் ஒரு சிடியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை என்னவென்று சொல்லி விற்பது? ‘கம்ப்யூட்டர் மியூசிக்’ என்று எழுதி, பக்திப் பாடலுக்கும் மிமிக்ரிக்கும் நடுவே செருகி வைத்தார். எனக்கும் ஒரு பிரதி பதிந்து தந்தார்.

முதல் பக்கம் அற்புதம். நாற்பத்திரண்டு நிமிடம் மின்னொலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும். சட்டென நின்று, கடைசி மூன்று நிமிடம் நாகசுரம். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் அதே மல்லாரி! ஐரோப்பாவில் எவனோ நம் கோயில் வீதியில் வந்து நின்று கேட்டிருக்கிறான் என்று புல்லரித்தது.

புல்லரித்ததோடு விட்டிருக்கலாம். தஞ்சாவூர் இசை ரசிகர்கள் சிலர் கூடும் வட்டத்தில் அதைப் பற்றிப் பதினான்கு பக்கக் கட்டுரை வாசித்தேன். ‘மனமயக்க மின்னிசை’ என்று பெயரும் நானே சூட்டினேன். வட்டத்துக்கு நான் புதியவன். இது தேறினால்தான் மதிப்பார்கள். ஐரோப்பிய மல்லாரியை நான் விளக்கியபோது பெரியவர்கள் தலையசைத்தார்கள். முன்வரிசையில் பாலு மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பல்வலி போலும் என்று நினைத்தேன்.

கைதட்டல் ஓய்ந்து வெளியே வந்ததும் சொன்னார்:

“கோச்சுக்காதீங்க சார். அந்த மல்லாரி நான் போட்டது.”

“நீங்க போட்டதா?”

“டேப்புல மூணு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. காலியா விட்டா கஸ்டமர் சண்டைக்கு வருவாங்க. எங்க தெருவுல சாமி பொறப்பட்டப்ப நானே பதிஞ்சது.”

“உள்ளேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“எப்படிச் சொல்றது? என் ரெக்கார்டிங்க இதுவரைக்கும் யாரு சார் புகழ்ந்திருக்காங்க?”

இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கட்டுரையைத் திருத்தவில்லை. வட்டம் கலைந்துவிட்டது, என் மானம் தப்பியது. பாலு சென்னையில் மகனோடு இருக்கிறார். அவர் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள்.

மகளின் பட்டியலில் அந்த இசை எட்டுத் துண்டாக, இடையிடையே மழைச் சத்தத்தோடு கிடந்தது. முழுசாகத் தேடிப் போடச் சொல்லி, முதலிலிருந்து கேட்டேன். அவளும் பாவம், உடன் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டாம் நிமிடத்தில் நின்றது. என் விரல்கள் தொடையில் தாளத்துக்குத் தயாராயின.

“முடிஞ்சிருச்சேப்பா?”

“இரு, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு.”

அதற்குள் அடுத்த இசை தானாகவே தொடங்கிவிட்டது.