டப்பாவுக்குள் போன மரக்குண்டு

பிரான்சிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் காரில் ஏற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேடக் கூட்டிப்போனார்கள். முகம் தெரியாத யாரோ ஒளித்துவைத்த டப்பா. ஒளித்த இடத்தைப் போனில் குறித்துவிடுவானாம். கண்டுபிடிப்பவர்கள் உள்ளே இருக்கும் சீட்டில் பெயரெழுதி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஒரு பொருளை வைத்துவிட்டு வரவேண்டுமாம். உலகம் முழுக்க இதை விளையாடுகிறார்களாம். உலகத்துக்கு வேறு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

போன் எங்களை வானிலை நிலையத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தி, வந்துவிட்டீர்கள் என்றது. எங்கே வந்தோம்? சுவரோரம் ஒன்பது மரங்கள், இரண்டு மின்கம்பங்கள், ஒரு குப்பைத்தொட்டி. மழை வரலாம் என்று மூன்று குடைகளை எடுத்துவந்திருந்தோம். அவற்றை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து தேடினோம். மீன் கூடையோடு போன அம்மாள் நின்றுவிட்டாள்.

“இன்னாங்க, தங்கம் கிங்கம் வுழுந்துடுச்சா?”

“டப்பா ஒண்ணு தேடுறோம்,” என்றான் மகன்.

“டப்பாவா? எங்க வூட்ல நாலு கெடக்குது. வந்து எடுத்துக்கினு போங்க.”

சிரித்துக்கொண்டே போனாள். அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. மானம் போனது எனக்குத்தான்.

போனில் ஒரு விடுகதை வேறு. ‘டீ ஊற்றாத கிண்ணங்களுக்கு எதிரில் தேடு’ என்று பேத்தி படித்துச் சொன்னாள். மருமகள் டீக்கடை எங்கே என்று பார்த்தாள். சுவருக்கு உள்ளே உயரமான கம்பத்தின் உச்சியில், காற்றின் வேகத்தை அளக்கும் மூன்று கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வந்ததிலிருந்து அவற்றின் சுற்றுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மாள் பேச்சுக் கொடுத்ததில் நாற்பத்தேழோடு கணக்கு தப்பிப்போனது. கம்பத்துக்கு நேர் எதிரே இருந்த வேப்பமரத்தைக் காட்டினேன். வேர்ப்பொந்தில் டப்பா இருந்தது.

“தாத்தா சூப்பர்!” என்று பேத்தி குதித்தாள். எனக்கும் ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. அந்த ஒரு நிமிடம்தான்.

டப்பாவில் ஏழு பொருள்கள். அதிலிருந்து பேத்தி ஒரு யானைப் பொம்மையை எடுத்துக்கொண்டாள். பதிலுக்குத் தன் பையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாளே, அது என் மரக்குண்டு!

பெத்தாங்க் என்ற பிரெஞ்சு ஆட்டத்தில் இரும்புக் குண்டுகளை எறிவதற்கு முன்னால் குறியாகப் போடும் சின்ன மரக்குண்டு அது. தோளில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு என்னால் இரும்புக் குண்டை எறிய முடிவதில்லை. கூட்டாளிகளோடு ஆடும் மாலை ஆட்டத்தில் எனக்கு மிஞ்சியிருப்பது மரக்குண்டைக் கொண்டுபோவதும், எந்தக் குண்டு அதற்குப் பக்கத்தில் விழுந்தது என்று டேப் வைத்து அளப்பதும், புள்ளி எண்ணுவதும்தான். மரக்குண்டு இல்லையென்றால் அவர்களே ஒன்று வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் நான் எதற்கு?

“யார கேட்டு எடுத்த?”

“பெயின்டெல்லாம் போயிடுச்சு தாத்தா. யாருக்கும் வேணாம்னு நெனச்சேன்.”

“எனக்கு வேணும்!”

“உடுப்பா,” என்றான் மகன். “ஒரு மரக்குண்டுக்குப் போயி கத்துறியே. அங்க போனதும் பத்து வாங்கி அனுப்புறேன்.”

“பத்த வச்சிக்கினு இன்னாடா பண்றது? ஆட்டத்துக்கு ஒண்ணுதான் வேணும்!”

டப்பாவில் கையை விடப் போனேன். பேத்தி உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“சும்மா எடுக்கக் கூடாது தாத்தா. வேற ஒண்ணு வைக்கணும். அதான் ரூல்.”

“அப்ப அந்த யானைய வை.”

“யானை என்னுது. நான் மாத்திக்கினேன்.”

“அவ சொல்றதும் கரெக்ட்தானே மாமா,” என்றாள் மருமகள். என் அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்ததற்கு இவர்களிடம் ரூல் கிடையாது. நான் திருப்பி எடுப்பதற்கு மட்டும் ரூல்!

பைகளைத் துழாவினேன். கைக்குட்டை, மாத்திரை அட்டை, கண்ணாடி உறை, டேப். கைக்குட்டை அழுக்காம். மாத்திரை ஆபத்தாம். கண்ணாடி உறை டப்பாவுக்குள் நுழையவில்லை. டேப்பைப் பார்த்ததும்தான் பேத்தி தலையாட்டினாள். என் பொருளை மீட்க என் பொருளையே கொடுத்தேன். எந்த ஊர் நியாயம் இது?

மாலையில் மைதானத்தில் மூன்றாவது சுற்றிலேயே வினை வந்தது. மரக்குண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குண்டு, ஒரே தூரம் போல.

“டேப்ப எடுய்யா,” என்றான் என் பழைய கூட்டாளி.

“இல்ல.”

“டேப் இல்லாம நீ எதுக்குய்யா வந்த?”

காலையிலிருந்து நான் பயந்த கேள்வி அதுதான். மூலையில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, மண்டியிட்டு அளந்தேன். ஒரு பக்கத் தூரத்துக்கு ஒடித்த ஈர்க்கு மறுபக்கக் குண்டை எட்ட நகக்கண் அளவு போதவில்லை. தூரத்தில் இருந்த கூட்டாளியின் குண்டு தோற்றது.

“ஈர்க்குல அளக்குறதெல்லாம் ஒரு அளவா? ஒத்துக்க மாட்டேன்.”

“ஒத்துக்காட்டி போ! டேப்பு வானிலை ஆபீசுக்கு வெளிய வேப்பமரத்துல கெடக்குது. போய் எடுத்துக்கினு வா. சும்மா எடுக்க முடியாது, ஒண்ணு வச்சிட்டுத்தான் எடுக்கணும்.”

ஆடிக்கொண்டிருந்த நான்கு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு கூட்டாளி கால்சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டே, “சரி, புள்ளிய சொல்லு. நாளைக்காவது ஒரு கயிறு கொண்டா,” என்றான்.

புள்ளியைச் சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் மரக்குண்டைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பேத்தி விமானம் ஏறும்வரை அது அலமாரிக்குத் திரும்பப் போவதில்லை.